ஜன்னல் பக்கம் திரும்பும் டீச்சர்

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பதினோரு வயதில், ஒரு கத்தோலிக்க டீச்சர் ரகசியமாகச் சைவத்துக்கு மாறிவிட்டார் என்று நான் துப்பறிந்து கண்டுபிடித்தேன். கண்டுபிடித்ததோடு நிற்கவில்லை. ஒன்றாம் நம்பர் பஸ் காவிரிப் பாலத்தைத் தாண்டுவதற்குள் ஏழு பேரிடம் சொல்லிவிட்டேன். அதில் ஒருவர் கண்டக்டர். என் அறிவின் எடை இவ்வளவுதான் என்று தெரிந்துகொண்டு மேலே படியுங்கள். பிறகு என்னிடம் வந்து சண்டை போடக் கூடாது.

காலையில் என்னோடு கொள்ளிடக் கரையில் நடக்கிற நீங்கள் எனக்கு வைத்திருக்கும் பெயர் எனக்குத் தெரியும்: சந்தேகப் பேர்வழி. நியாயம்தான். பால்காரர் சிரித்தால் பாலை உற்றுப் பார்ப்பேன். டாக்டர் "ஒண்ணும் இல்லை சார்" என்றால் வேறு டாக்டரிடம் போவேன். இந்த வியாதி எங்கே தொற்றியது என்று நம்மில் ஒருவர் கேட்டார். ஆறாம் வகுப்பில், பொங்கல் விடுமுறை முடிந்து பள்ளி திறந்த அன்று தொற்றியது.

திருச்சிக் கோட்டைப் பக்கம் கத்தோலிக்கச் சாமியார்கள் நடத்திய பள்ளிக்கூடம் அது. ஸ்ரீரங்கத்திலிருந்து நாங்கள் பத்துப் பன்னிரண்டு பேர், நெற்றியில் நாமமும் கையில் அலுமினியப் பெட்டியுமாக தினமும் பஸ் ஏறுவோம். அந்தப் பெட்டியைத் திறந்ததும் ஒரு மணம் வருமே, நீல மை, பென்சில் சீவல், முந்தாநாள் எலுமிச்சை சாதம் எல்லாம் கலந்து, அது இப்போது எந்தக் கடையிலும் கிடைப்பதில்லை. எங்கள் தமிழ் ஐயா உடம்பு சரியில்லாமல் நீண்ட விடுப்பில் போய்விட்டார். அவர் இடத்துக்குத் தற்காலிகமாக ஒரு டீச்சரைப் போட்டார்கள். வெளிர்நிற வாயில் புடவை, கறுப்புக் குடை, கழுத்தில் சின்னச் சிலுவை. வாசலில் தாமதமாக வந்து நின்ற என்னைப் பார்த்து அவர் சொன்ன முதல் வார்த்தை:

"வாங்க. உள்ள வந்து உக்காருங்க."

நான் திரும்பி என் பின்னால் யார் வந்திருக்கிறார்கள் என்று பார்த்தேன். ஒருவரும் இல்லை. பதினோரு வருடமாக "டேய்", "தடியா", "இந்தச் சனியன்" என்று மட்டுமே விளிக்கப்பட்ட ஒருவனை "வாங்க" என்றால் அவன் என்ன நினைப்பான்? என்னமோ காரியம் இருக்கிறது என்று நினைத்தேன்.

பெஞ்சில் என் பக்கத்தில் உட்காருகிறவன் கத்தோலிக்கன். அவன் அப்பாவுக்குத் திருவெறும்பூர் ஃபாக்டரியில் வேலை. கிறிஸ்தவ விஷயங்களில் எனக்கு அவன்தான் அதிகாரபூர்வமான தகவல் மையம். அவனிடம் விசாரித்தேன்.

"உங்க டீச்சர் ஏண்டா இப்படிப் பேசறாங்க?"

"எங்க டீச்சரா? உனக்கும்தான் டீச்சர்."

"அடிக்கவே மாட்டாங்களா?"

"தெரியலை. நீ ஏதாவது பண்ணிப் பாரு."

பண்ணிப் பார்த்தேன். சாக்பீஸ் டப்பாவுக்குள் ஒரு பல்லியை வைத்தேன். டீச்சர் திறந்தார். பல்லி அவர் கைமேல் ஏறி மேஜைக்கு இறங்கியது. அவர் கத்தவில்லை. முகம் சிவந்தது. டப்பாவை மூடிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பி நின்றார். உதடுகள் லேசாக அசைந்தன. ஒரு நிமிஷம் இருக்கும். பிறகு திரும்பி, நேராக என்னைப் பார்த்து, "அதைப் பிடிச்சு வெளிய விட்டுட்டு வாங்க. டப்பாக்குள்ள மூச்சு முட்டியிருக்கும்" என்றார்.

யார் என்று கேட்கவில்லை. எப்படித் தெரிந்தது? அதைவிடப் பெரிய கேள்வி, ஜன்னலைப் பார்த்துக்கொண்டு என்ன முணுமுணுத்தார்? லத்தீனில் சாபம் கொடுக்கிறார் என்றான் ஒருவன். தொண்ணூறு நாளுக்குள் பலிக்குமாம். நான் அந்தத் தொண்ணூறு நாளும் படிக்கட்டில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டே இறங்கினேன்.

இன்னொன்றும் கவனித்தோம். ஆசிரியர்கள் அறையின் பின்பக்கம் ஒரு குழாய் இருந்தது. அங்கே கை கழுவுகிற சாக்கில் காதை நீட்டினால் உள்ளே பேசுவது கேட்கும். மற்ற டீச்சர்களும் சார்களும் யாரைப் பற்றியாவது பேச்சை ஆரம்பிப்பார்கள். இன்னாருக்குச் சம்பந்தம் தட்டிப்போனது, இன்னார் ஃபாதரிடம் குழைகிறார் என்று போகும். உடனே நம் டீச்சர் எழுந்து பானையடிக்குப் போய்த் தண்ணீர் குடிப்பார். ஒரு நாளைக்கு ஏழு, எட்டு முறை. அவருக்கு ஏதோ பெரிய நீரிழிவு இருக்கிறது என்றுதான் நாங்கள் முடிவு கட்டினோம். ஊர்வம்பு காதில் விழாமல் இருக்க ஒரு மனுஷி இவ்வளவு தண்ணீர் குடிக்கக்கூடும் என்று எங்களுக்குத் தோன்றவில்லை. ஸ்ரீரங்கத்தில் அதற்கு முன்மாதிரி இல்லை.

இனிக்க இனிக்கப் பேசுகிறவர் என்று நினைத்துவிடாதீர்கள். என் கட்டுரையைத் திருப்பிக் கொடுத்தபோது, "இது நல்லா இல்லைங்க" என்றார். "போன வாரம் பக்கத்துல பாத்து எழுதினீங்களே, அது இதைவிடப் பரவாயில்லை. ஆனா இதுதான் உங்களது." பாராட்டா, திட்டா? வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் யோசித்தேன். திட்டியிருந்தால் மறந்திருப்பேன்.

இப்படி இருக்கும்போது ஒரு புதன்கிழமை, டீச்சர் நெற்றியில் சாம்பல் பூசிக்கொண்டு வந்தார்.

நீங்கள் என் நிலைமையை யோசிக்க வேண்டும். எங்கள் தெருவில் விபூதி என்பது பக்கத்துத் திருவானைக்காவல்காரர்களின் சொத்து. கழுத்தில் சிலுவை, நெற்றியில் விபூதி. நான் எழுந்தே நின்றுவிட்டேன்.

"டீச்சர், நீங்க சிவன் கோயிலுக்குப் போனீங்களா?"

வகுப்பு சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. "இல்லைங்க. சர்ச்சுல பூசினது. நான் மண்ணுதான்னு எனக்கு ஞாபகம் இருக்கணும்ல, அதுக்கு."

இந்தப் பதிலை நான் ஒரு வார்த்தைகூட நம்பவில்லை. அன்று மாலைதான் அந்த ஏழு பேர், கண்டக்டர் உட்பட.

வீட்டில் அப்பாவிடமும் சொன்னேன். அப்பா அரசாங்க ஆபீஸில் குமாஸ்தா. கோயில் காரியம் எதையும் தவற விடாதவர். பக்கத்து வீட்டு வக்கீல் மாமாவும் இருந்தார்.

"கிறிஸ்தவா விபூதி இட்டுக்கறாளா?" என்றார் அப்பா.

"இதுல ஏதோ திட்டம் இருக்கு ஓய்" என்றார் வக்கீல் மாமா. "முதல்ல பசங்களை சைவமாக்குவா. அப்பறம் அங்கேர்ந்து அந்தப் பக்கம் கொண்டுபோறது சுலபம்."

"அவ கொழந்தைகளை வாங்கோ போங்கோன்னு கூப்பிடறாளாம்."

"பாத்தேளா."

இரண்டு கட்ட மதமாற்றத்தில் எந்தக் கட்டம் அவர்களை அதிகம் பயமுறுத்தியது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. முதல் கட்டம்தான் என்று ஒரு சந்தேகம்.

சாம்பலின் உண்மைக் காரணத்தை மறுநாள் பெஞ்சுக்காரன் விளக்கினான். ஈஸ்டருக்கு முன்னால் வரும் தவக்காலம். நாற்பது நாள் ஆளுக்கு ஒன்றை விட்டுவிட வேண்டும்.

"எங்கம்மா கறி, மீன், முட்டை எல்லாத்தையும் விட்டிருக்கு. எங்கப்பா சிகரெட்டை விட்டிருக்காரு. டீச்சர் கோவத்தை விட்டிருப்பாங்க."

"பொங்கல்லேர்ந்தே கோவப்படலையேடா."

"பழகிப் பாத்திருப்பாங்க."

"ஈஸ்டருக்கு அப்பறம்?"

"எங்கப்பா ஈஸ்டரன்னிக்கு மட்டும் ஒரு பாக்கெட் பிடிப்பாரு."

அணைக்கட்டு போலத் தேங்கி நிற்கிற கோபம் மொத்தமும் ஈஸ்டருக்கு மறுநாள் யார் தலைமேல் திறக்கும்? அதே சமயம், அதுவரை நாற்பது நாள் நமக்குத் திறந்த வெளி என்ற ஞானமும் உதித்தது. இரண்டில் எனக்கு இரண்டாவதுதான் பிடித்தது.

இப்போது ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். அந்தத் தவக்காலத்தால் திருச்சி ஜில்லாவிலேயே அதிகம் பாதிக்கப்பட்டவன் நான். ஏனென்றால் பெஞ்சுக்காரனின் டிபன் டப்பாவில் வரும் முட்டைப் பொரியலுக்கு ஜூன் மாதத்திலிருந்து நான் அடிமை. என் தயிர்சாதம் அவனுக்கு, அவன் முட்டை எனக்கு. இந்த ஏற்பாடு வேப்பமரத்தடியில் எட்டு மாதம் நிம்மதியாக நடந்தது. சாம்பல் புதனன்று அவன் டப்பாவைத் திறந்தால் கத்தரிக்காய். வேறு மதத்தின் விரதம் எப்படி ஐயங்கார் பையன் வயிற்றில் அடிக்கிறது பாருங்கள்.

மூன்று வாரம் அவனை நச்சரித்தேன். அவர்கள் வீட்டில் கோழிகள் இருந்தன. கோழிகளுக்குத் தவக்காலம் தெரியாது, அவை பாட்டுக்கு இட்டன. கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை, இரண்டு முட்டையை அம்மாவுக்குத் தெரியாமல் அவித்து எடுத்துவந்தான். வெள்ளிக்கிழமை அவர்களுக்கு இன்னும் கடுமையான விரதம். எங்களுக்கும் வெள்ளி விசேஷம். ஒரே முட்டையில் இரண்டு மதத்துக்கும் துரோகம் செய்தவன் என்ற பெருமை எனக்கு உண்டு.

உரித்த ஓட்டைச் சட்டைப் பாக்கெட்டில் ஒளித்துவிட்டு, முழு முட்டையையும் வாயில் போட்டுக்கொண்டு நிமிர்ந்தேன். எதிரே கறுப்புக் குடை.

டீச்சர் எங்கள் இரண்டு பேரையும் பார்த்தார். ஜன்னல் இல்லாததால் வேப்பமரத்தைப் பார்த்தார். பிறகு அவனிடம், "நீங்க அம்மாகிட்ட சொல்லிடுங்க" என்றார். என்னிடம், "நீங்க முழுங்கிட்டு, சாயங்காலம் வகுப்புல இருங்க" என்றார்.

சாயங்காலம் காலி வகுப்பில் என் முன்னால் ஒரு வெள்ளைத் தாளை வைத்தார்.

"வீட்டுக்குத் தெரியுமா?"

"தெரியாது டீச்சர். தெரிஞ்சா அப்பா கொன்னுடுவார்."

"சாப்பிட்டது பெரிய விஷயமில்லைங்க. ஒளிச்சுச் சாப்பிட்டா நாளைக்குப் பொய் சொல்லணும். அப்பறம் அதைக் காப்பாத்த இன்னொண்ணு. அப்பாவுக்கு நீங்களே எழுதுங்க. நான் யாருகிட்டயும் சொல்ல மாட்டேன். அது என் வாக்கு."

ஒரு மணி நேரம் உட்கார்ந்தேன். "அன்புள்ள அப்பாவுக்கு, நலம், நலமறிய ஆவல்" என்று எழுதினேன். ஒரே வீட்டில் இருக்கிற அப்பாவுக்கு. அதற்கு மேல் பேனா நகரவில்லை. டீச்சர் பார்த்துவிட்டு, "போதும், பஸ் போயிடும். மிச்சத்தை வீட்டுல எழுதுங்க" என்று அனுப்பினார். பாலத்தின் மேல் பஸ் ஜன்னல் வழியாக அந்தத் தாளைக் காவிரியில் விட்டேன். மிதந்து போவது அழகாகக்கூட இருந்தது.

வீட்டுக்குள் நுழைந்தபோது விளக்கேற்றிவிட்டார்கள்.

"ஏண்டா இத்தனை நாழி?" என்றார் அப்பா.

"டீச்சர் இருக்கச் சொன்னா."

"எதுக்கு?"

சத்தியமாகச் சொல்கிறேன், நான் எதுவும் திட்டமிடவில்லை. வாய் தானாகத் திறந்தது.

"ஜெபம்."

ஒரே ஒரு சொல். அப்பா எழுந்து நின்றுவிட்டார். வக்கீல் மாமாவைக் கூப்பிடச் சொன்னார். மூன்று வாரமாக அவர்கள் எதிர்பார்த்துக்கொண்டிருந்த விருந்தாளி வாசலுக்கு வந்துவிட்டது போல ஒரு பரபரப்பு.

திங்கட்கிழமை காலை பெஞ்சுக்காரன் முகம் தொங்கியிருந்தது. அவன் வீட்டில் உண்மையைச் சொல்லி, அடியும் வாங்கி, விஷயம் முடிந்திருந்தது. அவன் கவலை வேறு.

"உங்கப்பா ஃபாதர்கிட்ட கம்ப்ளெயிண்டு பண்ண வந்திருக்காராமே. டீச்சர் வேலை டெம்பரவரிடா. ஜூன்ல நிரந்தரம் பண்றதா இருந்தாங்க. அவங்க அப்பா இல்லை. ரெண்டு தங்கச்சிங்க படிக்குது. எங்கம்மா சொல்லிச்சு. நீ போய் உண்மையச் சொல்லிடு."

"சொல்றேன்" என்றேன். சொல்லும் உத்தேசத்தோடுதான் போனேன்.

தலைமையாசிரியர் ஃபாதரின் அறை. பெரிய மேஜை, சுவரில் சிலுவை, மேலே கறகறவென்று சுற்றுகிற ஃபேன். அப்பாவும் வக்கீல் மாமாவும் நாற்காலியில். நான் ஓரத்தில். டீச்சர் நின்றுகொண்டிருந்தார்.

"பையனை ஒரு மணி நேரம் நிறுத்தி வெச்சீங்களா?" என்று கேட்டார் ஃபாதர்.

"ஆமா ஃபாதர். வீட்டுக்குச் சொல்லாம நிறுத்தினது என் தப்பு." அப்பா பக்கம் திரும்பி, "மன்னிச்சுக்குங்க" என்றார்.

"ஜெபம் சொல்லிக்குடுத்தீங்களா?"

"இல்லை ஃபாதர்."

"பின்ன எதுக்கு?"

அவர் முகம் சிவப்பதைப் பார்த்தேன். வந்துவிட்டது, தவக்காலம் உடையப்போகிறது என்று நினைத்தேன். அந்த அறையிலும் ஒரு ஜன்னல் இருந்தது. திரும்பினார். உதடு அசைந்தது.

"அது அவரு சொல்ல வேண்டியது ஃபாதர். நான் சொல்றதில்லைன்னு வாக்குக் குடுத்திருக்கேன்."

மொத்த அறையும் என்னைப் பார்த்தது. அப்பாவின் நெற்றியில் நாமம் அன்று புதிதாக, ஈரம் காயாமல் இருந்தது. நான் அதைப் பார்த்தேன்.

"எனக்கு ஞாபகம் இல்லை" என்றேன்.

"கொழந்தை பயந்துபோயிருக்கான், பாருங்கோ" என்றார் வக்கீல் மாமா.

டீச்சர் என்னை ஒரு முறை பார்த்தார். அவ்வளவுதான்.

இதில் என் பழைய வியாதி இன்னொரு சந்தேகத்தையும் வைத்திருக்கிறது. அந்தச் சனிக்கிழமை அம்மா என் சட்டையைத் தோய்க்கும்போது, "பாக்கெட்டுல என்னமோ வெள்ளையா ஒட்டிண்டிருந்தது. சாக்பீஸ் துண்டு போலருக்கு, எறிஞ்சுட்டேன்" என்று, கேட்காமலே, கூடத்தில் இருந்த அப்பாவுக்குக் கேட்கும்படி உரக்கச் சொன்னாள். அப்பா பேப்பரிலிருந்து தலையை எடுக்கவில்லை. முட்டை ஓடு எப்படி இருக்கும் என்று எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாதா? ஜெபம் என்றால் பள்ளிக்கூடத்தின் மேல் தப்பு. முட்டை என்றால் எங்கள் வீட்டின் மேல் தப்பு. அப்பா திங்கட்கிழமை எதைத் தேர்ந்தெடுத்துக்கொண்டு அந்த நாற்காலியில் உட்கார்ந்தார் என்று அவர் கண்ணை மூடும்வரை நான் கேட்கவில்லை. கேட்டால் என் முட்டையும் வெளியே வரும்.

ஈஸ்டர் முடிந்து பள்ளி திறந்தது. அணை திறக்கும் நாள். நான் இரண்டு டவுசர் போட்டுக்கொண்டு போனேன். வகுப்பில் டீச்சர் இல்லை. உப்பிலியபுரம் பக்கம், பச்சைமலை அடிவாரத்தில் ஒரு சின்னப் பள்ளிக்கு அனுப்பிவிட்டார்களாம். அவர் இடத்தில் பிரம்போடு ஒரு சார். "டேய் நாமம்" என்று கூப்பிட்டார். மனசில் இருந்தது அப்படியே வாயில் வந்தது, அதே வேகத்தில் கையிலும் வந்தது. சந்தேகத்துக்கே இடமில்லாத மனிதர். இரண்டு டவுசர் வீண்போகவில்லை. பெஞ்சுக்காரன் ஒரு மாதம் என்னோடு பேசவில்லை.

பிறகு பேசினான். இப்போதும் பேசுகிறான். போன மாதம் அவன் பேத்திக்குப் புதுநன்மை விழா, சர்ச்சில் முதன்முறையாக அப்பம் வாங்குகிற நாள். திருவெறும்பூரில் ஒரு சின்ன மண்டபம். வெள்ளை உடையில் குழந்தை, மெழுகுவத்தி, பிரியாணி. எனக்கு மட்டும் தனியாகச் சாம்பார் சாதம், ஆஸ்பத்திரி நோயாளிக்கு வருவது போல. வயசான பிறகு நான் ஒழுங்காகிவிட்டேன். கொலஸ்ட்ரால்தான் காரணம், பக்தி இல்லை.

"அந்த மூலையில உக்காந்திருக்காங்க பாரு" என்றான் பெஞ்சுக்காரன். "போய்ப் பேசு. இத்தனை வருஷத்துல இப்பவாவது."

எண்பதைத் தாண்டியிருந்தார். பிளாஸ்டிக் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். தலை முழுக்க வெளுப்பு. அந்த மலையடிவாரப் பள்ளியிலேயே முப்பது வருடம் இருந்து, அங்கேயே தலைமையாசிரியராகி ஓய்வு பெற்றவர் என்று அவன் சொல்லியிருந்தான். பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

"டீச்சர், என்னைத் தெரியுதா?"

"தெரியுதுங்க. உங்க கையெழுத்துகூட ஞாபகம் இருக்கு. நல்லா இருக்காது."

இந்தத் தைரியத்தில் எல்லாவற்றையும் சொன்னேன். ஜெபம் என்று சொன்னதை, தாளை ஆற்றில் விட்டதை, அறையில் ஞாபகம் இல்லை என்றதை. இடையிடையே சிரிப்பு வரும்படிதான் சொன்னேன். எனக்கு வேறு விதமாகச் சொல்ல வராது. அவர் குறுக்கிடாமல் கேட்டார். ஒரு இடத்தில்கூடச் சிரிக்கவில்லை.

"நீங்க அன்னைக்கு ஒரு வார்த்தை சொல்லியிருந்தாப் போதுமே டீச்சர்."

"சொல்ல மாட்டேன்னு சொல்லியிருந்தேனே."

"உங்க தங்கச்சிங்க..."

"பெரியவ படிச்சா. சின்னவளுக்கு முடியலை. பீஸ் கட்ட வழியில்லை, நிறுத்திட்டோம். தையல் தெச்சா."

மண்டபத்தில் யாரோ மைக்கைத் தட்டிப் பார்த்தார்கள். குழந்தைகள் ஓடினார்கள். என்னிடம் இருந்த நகைச்சுவை எல்லாம் தீர்ந்துபோயிருந்தது. ஆனாலும் பழக்கம் விடுமா? ஒரு நல்ல வார்த்தையை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடலாம் என்ற நைப்பாசை. இவ்வளவு சாந்தமான மனுஷி, "அதெல்லாம் இல்லைங்க, நீங்க குழந்தை" என்று சொல்லத்தானே போகிறார்.

"அப்பக்கூட உங்களுக்கு என் மேல கோவமே வரலையா டீச்சர்?" என்று கேட்டேன்.

"இன்னும் போகலை."